குடோனுக்குக் கைரேகைக் கருவி: எந்தக் கதவில், எந்தக் கைகளுக்கு?

கேள்வி இது: "மாதவரத்திலிருந்து மணலி போகும் வழியில் குடோன் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் இயந்திர உதிரிபாகங்கள், இன்னொரு பக்கம் கெமிக்கல் டிரம்கள். சொந்த ஆட்கள், ஒப்பந்த ஆட்கள், லோடுமேன்கள் எல்லாம் சேர்த்து எண்பது பேர், மூன்று ஷிஃப்ட். ஸ்டோர்ஸ் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. பயோமெட்ரிக் வைத்தால் பாதுகாப்புக்கு உண்மையிலேயே பலன் உண்டா? எதை வாங்குவது? ஆட்கள் வேறு தயங்குகிறார்கள்."

பலன் உண்டு. வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் பட்டறைகளுக்கும் குடோன்களுக்கும் கதவுக் கட்டுப்பாடு அமைத்துத் தருவதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பயோமெட்ரிக், அதாவது விரலையோ முகத்தையோ வைத்து ஆளை அடையாளம் காண்பது என்றாலே வருகைப் பதிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட் அருகே ஒரு கருவியை மாட்டி, ஆள் எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்த்துச் சம்பளம் போடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. கதவோ பழையபடியே திறந்து கிடக்கிறது. நீங்கள் கேட்டிருப்பது பாதுகாப்பைப் பற்றி. அதற்கு இரண்டு கேள்விகளுக்கு எந்த நேரமும் பதில் தெரிய வேண்டும்: இந்த நிமிஷம் உள்ளே இருப்பது யார் யார், அந்தக் கதவைத் திறந்தது யார். வாங்கும் கருவி இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது விலை கூடிய வருகைப் பதிவேடு, அவ்வளவுதான்.

சாவியின் குறை உங்களுக்கே தெரிந்திருக்கிறது. யார் கையில் இருந்தாலும் அது திறக்கும். மிண்ட் பக்கம் போனால் கொஞ்ச நேரத்தில் மாற்றுச் சாவி வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். வேலையை விட்டுப் போனவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாலும் நகல் இருக்கிறதா என்று தெரியாது, பூட்டையே மாற்ற வேண்டும். கார்டு கொஞ்சம் மேல். தொலைந்தால் ரத்து செய்துவிடலாம். ஆனால் கார்டைக் கைமாற்றிக் கொடுப்பது சாவியைக் கொடுப்பதைவிடச் சுலபம். ரகசிய எண் வைத்தால் ஒரு வாரத்தில் குடோன் முழுக்கத் தெரிந்துவிடும். விரலையோ முகத்தையோ யாரும் இரவல் கொடுக்க முடியாது. ஒருவர் வேலையை விட்டால் அவர் பெயரை நீக்கினால் போதும், அன்று மாலையிலிருந்து அவருக்குக் கதவு திறக்காது.

ஒப்பந்த ஆட்கள் அதிகம் இருக்கும் நம் பகுதியில் இது திருட்டைத் தாண்டிய விஷயம். மணலியில் கெமிக்கல் கையாளும் இடங்களில் புதிதாக வரும் ஆளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்துத்தான் கேட் பாஸ் கொடுக்கிறார்கள். டிரம் கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த வால்வைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில்தான் தெரியவரும். பயிற்சி பெற்றவர் ஒருநாள் வரவில்லை என்றால், மேஸ்திரி அதே பாஸில் ஊரிலிருந்து வந்த வேறொரு பையனை அனுப்பிவிடுவார். பாஸில் உள்ள போட்டோவைக் காலை ஷிஃப்ட் கூட்டத்தில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்வது என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் பதிவேட்டில் இருப்பது வேறொருவர் பெயர். கேட்டில் கைரேகையோ முகமோ கேட்டால் இந்த ஆள்மாற்றம் பெரும்பாலும் நின்றுவிடும். என்னைக் கேட்டால், பயோமெட்ரிக் தரும் பலன்களில் முதலாவது இதுதான். திருட்டு நிற்பதெல்லாம் அப்புறம்.

அவசர காலத் தலை எண்ணிக்கை அடுத்தது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது நினைவிருக்கும். ஜனங்கள் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள், பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு இரவில் உங்கள் குடோனை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எப்படித் தெரியும்? செக்யூரிட்டி அறையில் கையால் எழுதிய நோட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பதிவாகிற அமைப்பு இருந்தால், இன்னும் வெளியே வராதவர்களின் பட்டியல் ஒரு போனில் வந்துவிடும். ஆனால் பலர் நுழைவில் மட்டும் கருவி வைத்துவிட்டு, வெளியேற வெறும் பட்டன் வைத்துவிடுகிறார்கள். அதில் இந்தப் பலன் கிடைக்காது. மெயின் கேட்டில் இரண்டு பக்கமும் பதிவாக வேண்டும். சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவரையும் கிளீனரையும் தற்காலிகக் கார்டிலாவது அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தேடும்போது முதலில் மறந்துபோவது அவர்களைத்தான்.

கெமிக்கல் டிரம் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்தபோது, மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015 முதல் அதே சரக்கு ஏறத்தாழ 700 டன் கிடப்பது ஊருக்கெல்லாம் தெரியவந்தது. அதே மாதம் ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போயிருந்தது. ஆபத்தான சரக்கு வைத்திருப்பவர், அந்த அறைக்கு யார் யார் போகலாம், யார் யார் போனார்கள் என்று கேட்ட உடனே காட்ட முடிய வேண்டும். அது சுற்றியிருக்கும் தெருக்களுக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.

ஆட்கள் தயங்குகிறார்கள் என்றீர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஸ்டோர்ஸில் ஒரு பேரிங் பெட்டி காணாமல் போனால் சந்தேகம் முதலில் யார் மேல் விழும்? லோடுமேன் மேல், வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி மேல். பையைக் கொட்டிச் சோதிப்பார்கள், மேஸ்திரியைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவர் அந்தப் பக்கமே போகாதவராகக்கூட இருக்கலாம். கதவு எத்தனை மணிக்கு யாருக்குத் திறந்தது என்ற பதிவு இருந்தால் அவர் தப்பித்துக்கொள்வார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பதிவு சொல்வது கதவைத் திறந்தவர் பெயரை, பொருளை எடுத்தவர் பெயரை இல்லை. அதே கதவைப் பார்த்து ஒரு கேமரா இருந்து, இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓடினால்தான் நியாயமான முடிவுக்கு வர முடியும்.

இனி எது வாங்குவது. கைரேகைக் கருவி உங்கள் விரலில் பார்ப்பது ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை. அந்தப் புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது. ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் வேலை நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1897-லேயே கல்கத்தாவில் அதற்கென்று போலீஸ் அலுவலகம் திறந்துவிட்டார்கள். ஆனால் ரேகை தெளிவாக இருந்தால்தான் எல்லாம். ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் சித்தாள் வேலை செய்பவருக்கும் வயதானவர்களுக்கும் விரல் நாலு தடவை வைத்தாலும் ஏறாது. வடசென்னையில் உழைக்கும் கைகளில் பாதி இப்படித்தான். காசிமேட்டில் ஐஸ் அள்ளுபவர் விரல் ஊறிச் சுருங்கியிருக்கும். சிமென்ட் மூட்டை தூக்குபவருக்குத் தோல் உரிந்திருக்கும். காரமான கெமிக்கல் படும் கைகளில் ரேகை மழுங்கிவிடும். எண்ணூர்ப் பக்கம் கரித்தூசியும் சாம்பலும் கருவியின் கண்ணாடி மேலேயே படிந்து, நல்ல விரலைக்கூடப் படிக்கவிடாது. உப்புக் காற்று வேறு, ஒயர் இணைப்புகளைச் சீக்கிரம் அரித்துவிடும்.

அதனால் கருவியின் விளம்பரத்தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆட்களில் கை மிகவும் தேய்ந்த பத்துப் பேரைப் பொறுக்கி, ஒரு வாரம் சோதனைக்கு வைக்கச் சொல்லுங்கள். காலை ஷிஃப்ட் தொடக்கத்திலும், வேலை முடிந்து அழுக்குக் கையோடு வரும்போதும் பாருங்கள். பதியும்போது ஒவ்வொரு கையிலும் இரண்டு விரலாவது பதியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலையில் அதிகம் தேயும். மோதிர விரல் பல சமயம் கைகொடுக்கும். அப்படியும் பலருக்கு ஏறவில்லை என்றால் முகம் பார்க்கும் கருவிக்குப் போவது நல்லது. கையில் அழுக்கு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வந்தால் திணறும். கேட் கிழக்கு பார்த்து இருந்தால், காலை வெயில் நேரே விழும் இடத்தில் மாட்டாதீர்கள். அகச்சிவப்பு ஒளி உள்ள, போட்டோவைக் காட்டினால் ஏமாறாத கருவியாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கை ரத்தநாளத்தைப் பார்க்கும் கருவியும் இருக்கிறது. நாளம் தோலுக்கு அடியில் இருப்பதால் மேல்தோல் தேய்ந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. விலை கூடுதல், எண்பது பேருக்கு அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஒரு ஆபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் ஏறவில்லை என்று புகார் வந்தால், பொருத்துபவர் வந்து ஒப்பீட்டின் கண்டிப்பைக் குறைத்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஏறும், சத்தமே இருக்காது. ஏறக்கூடாதவருக்கும் ஏறும் வாய்ப்பு கூடிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. கணக்கு இப்படி: ஒரு விரலை இன்னொருவர் விரலோடு ஒப்பிடும்போது பத்தாயிரத்தில் ஒரு முறை தவறாகப் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்பது விரல் பதிந்திருக்கும் கருவியில் வெளியாள் ஒருவர் விரல் வைத்தால் அது எண்பதோடும் ஒப்பிடும். அப்போது தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 125-ல் ஒன்று. ஆளுக்கு நாலு விரல் பதிந்தால் இன்னும் கூடும். அதனால் கெமிக்கல் அறை, ஸ்டோர்ஸ் போன்ற இடங்களில் முதலில் கார்டு, பிறகு விரல் என்று இரண்டும் கேட்கும்படி அமையுங்கள். கார்டு யாருடையது என்று சொல்லிவிடுவதால், அந்த ஒருவர் விரலோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். மெயின் கேட்டில் இந்தக் கண்டிப்பு வேண்டாம், வரிசை நீண்டுவிடும்.

போலி விரல் கதைகள் உண்மைதான். 2002-ல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர் ஜெலட்டினில் விரல் செய்து பல கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2013-ல் பிரேசிலில் ஒரு மருத்துவர் சக மருத்துவர்களுக்காக சிலிக்கோன் விரல்களை வைத்து வருகை போட்டுப் பிடிபட்டார். உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் வசதி உள்ள கருவியை வாங்குங்கள். செக்யூரிட்டி கண்ணில் படும்படி மாட்டுங்கள். உங்கள் குடோனுக்கு அது போதும்.

நடைமுறையில் தோற்றுப்போவது பெரும்பாலும் கதவு. முதல் விஷயம் ஒயரிங். விலை குறைந்த கருவிகளில் கதவைத் திறக்கும் சுவிட்ச் கருவிக்குள்ளேயே இருக்கும். வெளிச்சுவரில் மாட்டிய கருவியைத் திருப்புளியால் கழற்றி, பின்னால் இருக்கும் இரண்டு ஒயரைச் சேர்த்தால் கதவு திறந்துகொள்ளும், விரலே தேவையில்லை. ஆகவே வெளியே ரேகை படிக்கும் பகுதி மட்டும், கதவைத் திறக்கும் கன்ட்ரோலர் உள்ளே பூட்டிய பெட்டியில் என்று பிரித்துத்தான் போட வேண்டும். இதற்குக் கூடுதலாக ஆகும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்து பூட்டு. நம் பக்கம் பரவலாகப் போடும் காந்தப் பூட்டு ஏறத்தாழ 270 கிலோ இழுவையைத் தாங்கும். மின்சாரம் இருக்கும் வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று வைத்தால், பூட்டும் கருவியும் சேர்ந்து ஒரு ஆம்பியர் அளவில் இழுக்கும்போது நான்கைந்து மணிநேரம் தாக்குப்பிடிக்கும். மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் இருந்தோம். அந்த நிலைக்குத் தனி ஏற்பாடு வேண்டும்: ஷட்டருக்குச் சாதாரணப் பூட்டு, இரவுக் காவலுக்கு ஆள். கன்ட்ரோலர் பெட்டியையும் பேட்டரியையும் நெஞ்சு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று உங்கள் சுவரே காட்டும்.

வெளியேறும் வழி விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. உள்ளே இருப்பவர் வெளியே வர விரலோ முகமோ கருவிக்குப் பிடித்தால்தான் என்ற நிலை உயிருக்கு ஆபத்து. புகையில் எந்தக் கருவியும் முகம் பார்க்காது. ஒவ்வொரு காந்தப் பூட்டுக் கதவின் உள்பக்கமும் கண்ணாடியை உடைத்தால் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் பச்சைப் பெட்டி இருக்க வேண்டும். தீ அலாரம் அடித்தால் அந்தக் கதவுகள் தானாக விட வேண்டும். வெளியேறும் பதிவு வேண்டும் என்றேனே, அது அன்றாடத்துக்கு. ஆபத்து நேரத்தில் கதவு முதலில் திறக்கட்டும், கணக்கைக் கேட்டுக்கு வெளியே கூடும் இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலாரத்தை அடித்துச் சோதித்துப் பாருங்கள்.

அப்புறம் மனிதப் பழக்கம். டிரம் உருட்டும்போது கதவு தானாக மூடிக்கொள்வது தொந்தரவுதான், ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கதவு அரை நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் கத்தும் உணரியைப் போடுங்கள். சரக்கு ஏற்றும் நேரத்தில் கதவைத் திறந்து வைக்க சூப்பர்வைசருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அதுவும் அவர் பெயரில் பதிவாகட்டும். ஒருவர் விரல் வைக்க, அவர் பின்னாலேயே மூன்று பேர் நுழைவதை எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. மெயின் கேட்டில் ஒருவர் ஒருவராகப் போகும் சுழல் கதவு வைத்தால் அது நிற்கும்.

சட்டமும் தகவல் பாதுகாப்பும். ஆட்கள் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "இது ஆதாரோடு சேருமா?" என்பதுதான். சேராது, சேர்க்கவும் கூடாது. நீங்கள் பதிவது உங்கள் கருவிக்கான தனிப் பதிவு. ஒப்பந்தம் என்ற பெயரில் தனியார் நிறுவனங்கள் ஆதார் சரிபார்ப்பைக் கேட்க இடம் கொடுத்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-லேயே நீக்கிவிட்டது. அதற்காகக் கருவியில் இருப்பது வெறும் எண்கள், யார் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். அந்த எண்களிலிருந்து ரேகையை ஓரளவு மீட்டெடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2019-ல் பயோஸ்டார் 2 என்ற கதவுக் கட்டுப்பாட்டு மென்பொருளின் தரவுத்தளம் பாதுகாப்பில்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கைரேகைத் தகவல் அதில் இருந்ததாக அதைக் கண்டுபிடித்தவர்கள் சொன்னார்கள். கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை தொடர்பான தேவைக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தகவலைப் பயன்படுத்த இடம் இருக்கிறது. பாதுகாப்பாக வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்கள் அளவில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எல்லோரும் உட்காரும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளைப் போடாதீர்கள். ஒருவர் வேலையை விட்டால் அவர் ரேகையை அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் அவர் ஆட்கள் அனைவரின் பதிவையும் அன்றே நீக்குங்கள்.

ஆட்களிடம் பேசும்போது ஒரு வாக்கு கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள்: கருவி விரலை ஏற்காததற்காக யாருக்கும் அரை நாள் சம்பளம்கூடப் பிடிக்க மாட்டோம். மாதவரம் ரவுண்டானா நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு வந்தும், கேட்டில் விரல் ஏறாமல் நின்றவருக்கு ஆப்சென்ட் விழுந்தால், அவர் மட்டுமில்லை, மொத்த ஷிஃப்டும் அந்தக் கருவியை எதிரியாகத்தான் பார்க்கும். விரல் ஏறாதவர்களுக்குக் கார்டும் எண்ணும் கொடுங்கள், சூப்பர்வைசர் எழுதிக் கொடுப்பதும் செல்லட்டும். எதற்குப் பதிகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்ப்பார்கள் என்று தமிழிலும் இந்தியிலும், உங்கள் ஆட்களில் ஒடிசாக்காரர்கள் இருந்தால் ஒடியாவிலும் எழுதி கேட்டில் ஒட்டுங்கள். கழிப்பறை, சாப்பிடும் இடம் பக்கம் எந்தக் கருவியையும் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் குடோனுக்கு நான்கு இடங்கள் போதும்: மெயின் கேட், ஸ்டோர்ஸ், கெமிக்கல் அறை, பணமும் கம்ப்யூட்டரும் இருக்கும் அலுவலக அறை. மற்றக் கதவுகளுக்குச் சாதாரணப் பூட்டே சரி. கருவி ஓட ஆரம்பித்த அன்றே இந்த நான்கு கதவுகளின் பழைய சாவிப் பூட்டையும் மாற்றிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பக்கத்திலேயே பழைய பூட்டு வேலை செய்துகொண்டிருந்தால், வெளியே சுற்றும் அந்தச் சாவிகள் எல்லாம் இன்னும் திறக்கும். புதுப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று முத்திரை வைத்த கவரில் செக்யூரிட்டி அறையில். கவர் பிரிந்தால் யார் பிரித்தார், எதற்கு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.